சான்றிதழ் இருக்கிறது, கை ஓடவில்லை

கேள்வி: பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவின் பொறுப்பாளராக இருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எங்களிடம் பணியாற்றும் அம்மையார் ஒருவர், பேரேட்டுக் காலத்தில் பிழையே விடாதவர். நிறுவனச் செலவில் கணக்கு மென்பொருளான டேலியும் எக்செலும் படிக்க அனுப்பினோம், தேர்ச்சியும் பெற்றார். ஆனால் இன்றும் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்து மேசை இளைஞரை அழைக்கிறார். இருவர் வேலையும் தேங்குகிறது. அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: இடமாற்றத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். தேர்வில் தேறியவருக்குக் கணினி தெரியாது என்று சொல்ல முடியாது. யாரையும் கேட்காமல் தானே முடித்துவிடலாம் என்ற துணிவுதான் அவருக்கு இன்னும் வரவில்லை. அறிவு வந்தால் துணிவும் கூடவே வந்துவிடும் என்று எண்ணி, பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு, பிறகு பணியாளரைக் குறை சொல்லும் நிறுவனங்கள் பல.

ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறாரோ, அதைப் பொறுத்தே அவர் அதில் இறங்குவதும் தடங்கல் வரும்போது தாக்குப்பிடிப்பதும் அமைகின்றன என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதினார். அந்த நம்பிக்கை முதன்மையாகத் தன் கையால் செய்து முடித்த அனுபவத்திலிருந்தே பிறக்கிறது என்பதும், பிறர் செய்வதைப் பார்ப்பதும் பிறர் ஊக்குவிப்பதும் அதற்கு அடுத்தபடிதான் என்பதும் அவர் கருத்து. இதைக் கணினிக்குப் பொருத்திக் கனடா ஆய்வாளர்களான காம்போவும் ஹிக்கின்ஸும் 1995-இல் பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். அருகில் சொல்லித்தர யாரும் இல்லாவிட்டால் இந்த வேலையை முடிப்பீர்களா, ஒருமுறை செய்துகாட்டினால் முடிப்பீர்களா என்ற போக்கில் அவை அமைந்திருக்கும். “எக்செல் தெரியுமா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, பில் பதிவு, சம்பளப் பட்டியல், ஜிஎஸ்டி தாக்கல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இப்படிக் கேட்டுப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார் என்பது தெரிந்துவிடும்.

அவருடைய அச்சத்தை அறியாமை என்று தள்ளவும் வேண்டாம். பேரேட்டில் தவறு நேர்ந்தால் கோடிட்டு அடித்துக் கையெழுத்திடலாம். ஜிஎஸ்டி கணக்குக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தையோ தாக்கல் செய்த பின் திருத்த முடியாது, அடுத்த படிவத்தில்தான் சரிக்கட்ட வேண்டும். ஆகவே எந்தப் பொத்தானை அழுத்தினால் மீள முடியும், எதை அழுத்தினால் மீள முடியாது என்பதை முதலில் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். டேலியில் உங்கள் கணக்கின் பேக்கப்பைத் தனி இடத்தில் மீட்டெடுத்து, அந்த நகலில் வேண்டுமென்றே தவறான வவுச்சர் (வரவு செலவுப் பதிவு) ஒன்றைப் போட்டுவையுங்கள்; அதை அவரே தேடித் திருத்தட்டும். பயிற்சி மையத்தின் மாதிரிக் கணக்கைவிட, தான் அன்றாடம் பார்க்கும் பெயர்களும் தொகைகளும் உள்ள கணக்கில் கை விரைவாகப் பழகும்.

அந்த இளைஞரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அழைத்தவுடன் வந்து மவுஸைப் பிடுங்கி நான்கு சொடுக்கில் முடித்துவிட்டுப் போவது உதவியாகத் தோன்றலாம்; ஆனால் ஒவ்வொரு முறையும் “உங்களால் ஆகாது” என்று சொல்லாமல் சொல்வதாகவே அது முடிகிறது. அவர் வாயால் வழி சொல்லட்டும், கை அம்மையாருடையதாக இருக்கட்டும்.

துணிவு மட்டும் மிகுந்திருப்பதும் ஆபத்தே. வங்கிக் கணக்கு எண்களை எக்செலில் அப்படியே அடித்தால் முன்னால் உள்ள சுழியங்கள் மறைந்துவிடும். 16 இலக்க எண்ணாக இருந்தால் கடைசி இலக்கம் சுழியமாக மாறிவிடும், ஏனெனில் எக்செல் 15 இலக்கங்களையே துல்லியமாக வைத்துக்கொள்ளும். அந்தக் கட்டங்களை முன்னதாகவே ‘டெக்ஸ்ட்’ வடிவுக்கு மாற்றாமல் வேகமாகத் தட்டிவிட்டுப் போகும் இளைஞரின் பட்டியலில் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கக்கூடியவர், எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டே பழகிய உங்கள் அம்மையார்தான். சம்பளப் பட்டியலை வங்கிக்கு அனுப்புமுன் சரிபார்க்கும் பொறுப்பை அவர் பெயரிலேயே எழுதிக்கொடுங்கள்; அலுவலகத்தில் அவருக்கு ஓர் இடம் இருப்பது எல்லோருக்கும் தெரியட்டும்.

இவற்றையெல்லாம் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச், ஏப்ரல் நெருக்கடியில் தொடங்க வேண்டாம். வேலை சற்றுத் தணிந்த மாதத்தில், முதலில் கொள்முதல் பில் பதிவை மட்டும் முழுமையாக அவரிடம் விடுங்கள். ஜிஎஸ்டி தாக்கல் கடைசியாக வரட்டும்.