ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறேன், எனக்குத் தூக்கம் வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 36. ஒன்பது வருடமாக ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட். காலை 9 மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு 10 ஆகிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு, 'அந்தப் பெரியவருக்குச் சரியான மாத்திரையைத்தான் கொடுத்தேனா' என்று மனசு அரிக்கிறது. வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுகிறேன். மூன்று மாதமாகத் தினமும் இரவில் அல்பிரசோலம் 0.25 போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். இது மனநோயா? வேலையை விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: முதலில் அந்த மாத்திரை. அது ஷெட்யூல் ஹெச்-1 மருந்து, அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, கட்டுப்பாடு அதிகமுள்ள பட்டியலில் இருப்பது. யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா? கை எட்டும் தூரத்தில் மருந்து இருப்பதுதான் உங்கள் தொழிலின் ஆபத்து. அதற்காக இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதம் தொடர்ந்து போட்டதைச் சட்டென்று விட்டால் தூக்கம் இன்னும் கெடும், பதற்றம் கூடும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம்.

சரி, இது மனநோயா? உடலும் மனமும் ஓய்ந்துபோவது, வேலையின் மேலேயே வெறுப்பு வருவது, நம்மால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது: இந்த மூன்றும் சேர்ந்ததை 'பர்ன் அவுட்' என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை வேலையால் வரும் நிலை என்றுதான் வகைப்படுத்தியது, நோய் என்று அல்ல. உங்கள் கடிதத்தில் மூன்றும் தெரிகின்றன. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், மனசு இருண்டே கிடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேண்டும். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

தப்பு நடந்துவிடுமோ என்ற பயம் வீண் பயமல்ல. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் என்று எழுதியது அவசரத்தில் கிருமித் தொற்றுக்கான மெட்ரோனிடசோல் போலத் தெரியும். (மருத்துவர்களான எங்கள் கையெழுத்துக்கும் இதில் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.) பையில் போடும் முன் அட்டையையும் சீட்டையும் ஒருமுறை சேர்த்து வைத்து, பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படியுங்கள். அந்த நேரத்தில் போனை எடுக்காதீர்கள். அப்புறமும் ராத்திரி சந்தேகம் வந்தால் ஒரு தாளில் எழுதிவிட்டுக் காலையில் பில்லைப் பாருங்கள். தப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் உடனே அழைத்துச் சொல்லுங்கள்.

பதின்மூன்று மணி நேரம் நிற்பதை எந்த மாத்திரையாலும் சரிசெய்ய முடியாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. முதலாளியிடம் அதில் ஆரம்பியுங்கள்; அடுத்து சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், அப்புறம் வேலை நேரம். வேலையை விடுவதா என்பதைத் தூக்கம் சரியான பிறகு யோசிக்கலாம். அப்போதும் முதலாளி எதற்கும் இறங்கி வரவில்லை என்றால் கடையை மாற்றுங்கள், தொழிலை அல்ல. ஷிப்ட் முறையில் ஓடும் மருத்துவமனை பார்மசிகளும் இருக்கின்றன.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம், 14416-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மருத்துவரிடம் போகும்போது எத்தனை மாத்திரை போடுகிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். உங்களிடம் வருகிறவர்கள் பாதியை மறைப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள்தானே.