முதுகில் வைத்த ஸ்க்ரூ கழன்றுவிடுமா?

காசிமேட்டில் மீன்கூடை தூக்கும் அப்பாவுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பில் டைட்டானியம் ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள், கழலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழலலாம், காரணம் பெரும்பாலும் எலும்புதான்.

இடுப்புக்குப் பொதுவாக 6.5 மி.மீ. தடிமன், 40 முதல் 50 மி.மீ. நீள ஸ்க்ரூ. அதன் பிளந்த தலைக்குள் 5.5 மி.மீ. கம்பியை உட்காரவைத்து, மேலே சின்னத் திருகால் இறுக்குவார்கள். ஸ்க்ரூ போட்ட அடுத்தடுத்த இரண்டு முதுகெலும்பும் ஒன்றாக ஒட்டும்வரை அசையாமல் பிடிப்பதே இவற்றின் வேலை. அதற்கு 6 முதல் 12 மாதம் ஆகலாம். ஒட்டாவிட்டால், பூச்சு உதிர்ந்த சுவரில் ஆணி ஆடுவதுபோல ஒவ்வொரு குனிதலுக்கும் ஸ்க்ரூ ஆடும். எக்ஸ்ரேயில் அதைச் சுற்றிக் கறுப்புக் கோடு தெரியும். கடைசியில் கம்பியே முறியலாம்.

பீடி, கட்டுப்படாத சர்க்கரை, எலும்பு அடர்த்திக் குறைவு மூன்றும் ஒட்டலைக் கெடுக்கும். பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லும்வரை கூடை வேண்டாம். கால் மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராயபுரம் பக்கமென்றால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி அருகில்தான்.