ஆக்சில் மாறினால் பணம் போகும், எஞ்சின் நம்பர் மாறினால் வண்டியே போகும்

கேள்வி: 1966ல் என் அப்பா வாங்கிய வில்லிஸ் ஜீப் எங்கள் வீட்டில் இருக்கிறது. மஹிந்திரா தயாரிப்பு, சி.ஜே. 3பி. அப்பா 2019ல் தவறிவிட்டார், ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான். பழைய பெட்ரோல் ஹரிகேன் எஞ்சினையும் முன், பின் ஆக்சில்களையும் (சக்கரங்களைச் சுழற்றும் அச்சு) பழையபடியே சரிசெய்து தரச் சொல்லி 2023ல் ஒரு பட்டறையில் விட்டேன். 4.75 லட்சம் என்று வாய்ப்பேச்சு, 3.5 லட்சம் கொடுத்தாயிற்று. இந்தத் தை மாதம் போய்ப் பார்த்தால் எஞ்சினின் உடல் பாகமான பிளாக்கில் இருக்கும் நம்பரும் ஆர்.சி.யில் இருக்கும் நம்பரும் வேறு வேறு. பின் ஆக்சிலும் எங்களுடையது இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் போட்டால் வண்டி இறுகி நின்றுவிடுகிறது. கேட்டால், "பழைய பிளாக் வெடிச்சுக் கிடந்துச்சு, அதே ஹரிகேன்ல வேற போட்டேன், வேணும்னா பழைய நம்பரையே பஞ்ச் அடிச்சுத் தர்றேன்" என்கிறார். பாக்கி 1.25 லட்சமும், வண்டியை நிறுத்தி வைத்ததற்கு நாளுக்கு 200 ரூபாயும் கேட்கிறார். திருட்டுப் புகார் கொடுத்து, மன உளைச்சலுக்கு 10 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா? ஜீப்பை வின்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யவும் ஆசை. – பொள்ளாச்சி வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை மேலே சுருக்கியிருக்கிறேன். அப்பா உங்களை அந்த ஜீப்பில் வால்பாறைக்கு ஏற்றிப்போனது, பட்டறைக்காரர் போனை எடுக்காதது, அவர் மகன் மரியாதை இல்லாமல் பேசியது எல்லாவற்றையும் படித்தேன். வருத்தம் நியாயம்தான், ஆனால் அதில் எதுவும் வழக்குக்கு உதவாது. முதலில் பார்க்க வேண்டியது ஒன்று: பிளாக்கின் முன்பக்கம், வாட்டர் பம்ப் உட்காரும் இடத்தில் அடித்திருக்கிற அந்த நம்பர்.

மோட்டார் வாகனச் சட்டம் 55வது பிரிவு, 5வது உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். வண்டியில் பொறித்திருக்கிற எஞ்சின் நம்பரோ சேசிஸ் நம்பரோ ஆர்.சி.யில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தால், உரிமையாளரிடம் விளக்கம் கேட்டுவிட்டுப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்கிறது. மாற்றியது மெக்கானிக், எனக்கு எதுவும் தெரியாது என்று நீங்கள் சொல்லலாம். சட்டம் பார்ப்பது உரிமையாளரை. எஞ்சினை மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்கச் சொல்லும் 52வது பிரிவும் உரிமையாளரைத்தான் சொல்கிறது. ஆக, இன்றைய தேதியில் சிக்கலில் இருப்பது பட்டறைக்காரர் இல்லை, நீங்கள். இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

பஞ்ச் விஷயத்தை இப்போதே முடித்துவிடுவோம். கூடவே கூடாது. பழைய வண்டிப் பிரியர்களிடம் இந்த வழக்கம் சர்வசாதாரணம் என்று எனக்குத் தெரியும், "நம்ம வண்டி நம்பரைத்தானே நம்ம பிளாக்குல அடிக்கிறோம், யாரு சார் கேக்கப்போறா" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. கேட்பார்கள். அந்தப் பிளாக்கில் ஏற்கனவே இருக்கிற நம்பர் வேறு யாரோ ஒருவரின் வண்டியுடையது. அதை அரம் வைத்துத் தேய்த்துவிட்டு மேலே அடித்தாலும், தடய அறிவியல் கூடத்தில் அந்த இடத்தில் அமிலம் தடவிப் பழைய நம்பரை வெளியே கொண்டுவந்துவிடுவார்கள். அந்த வண்டி எங்காவது திருட்டு வழக்கில் இருந்தால், கதை சிவில் தகராறிலிருந்து கிரிமினல் வழக்காக மாறி, முதல் ஆளாக உங்கள் பெயர் வரும். நம்பர் ஒத்துப்போகவில்லை என்ற சிக்கலுக்கு மருந்து உண்டு. நம்பரைத் திருத்தியதற்கு மருந்து கிடையாது.

அடுத்து, போலீஸ் புகார். வண்டியை நீங்களாகக் கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள், அதனால் இது திருட்டு ஆகாது. அதிகபட்சம் நம்பிக்கை மோசடி என்று சொல்லிப் பார்க்கலாம். ஸ்டேஷனில் புகாரைப் பெற்றதற்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டுக் கொடுத்து "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நான் பயப்படுவது எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான். எஞ்சின் நம்பர் வேறு என்று நீங்களே எழுதிக் கொடுத்திருப்பீர்கள், ஜீப் வழக்குச் சொத்தாகிவிடும். ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிற வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, டயர் மண்ணில் புதைந்து, சீட்டில் நாய் படுத்துக்கொண்டு. பிடித்த வண்டிகளை அப்படி வருஷக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது, மனுப் போட்டு மீட்கலாம்தான். ஆனால் மாஜிஸ்திரேட் முதலில் கேட்பது ஆர்.சி. யார் பெயரில் என்று. உங்கள் ஆர்.சி. 2019ல் இறந்தவர் பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் உண்டா, மற்ற வாரிசுகளின் சம்மதம் உண்டா என்று போய்க்கொண்டே இருக்கும். உங்களுக்கு இரண்டு சகோதரிகள், ஒருவர் சிங்கப்பூரில். நீங்கள் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் தரைத்தகடு துரு ஏறிப் பொத்தலாகிவிடும். காப்பாற்றப் போனதே அந்த ஜீப்பைத்தானே.

சரி, இப்போது நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம். நீங்கள் அனுப்பிய வாட்ஸப் நகல்களில் மூன்றாம் பக்கம், 2024 டிசம்பரில் நீங்கள் அனுப்பியது: "அண்ணே எந்த எஞ்சினாச்சும் போட்டு ஓட வச்சுக் குடுங்க, பொங்கலுக்கு வண்டி வேணும்." கோபத்தில் அனுப்பினேன் என்பீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துக்கொண்டு வருவார். வேறு எஞ்சின் போட அனுமதி கொடுத்தது நீங்கள்தான் என்று ஆகிவிட்டால், "என் ஒரிஜினல் எஞ்சினை மாற்றிவிட்டார்" என்ற வழக்கில் பாதி அங்கேயே போய்விடும். பட்டறையில் வண்டியை விட்டவர்கள் தோற்பதை நான் பெரும்பாலும் பார்த்தது இப்படித்தான். சட்டம் தெரியாமல் தோற்பதில்லை, ராத்திரி பத்து மணிக்கு அனுப்பிய மெசேஜில் தோற்கிறார்கள். இன்னொரு கேள்வியும் வரும்: வண்டியை விடும்போது பிளாக்கில் ஆர்.சி. நம்பர்தான் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? போட்டோ இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஜீப்புகளில் பலவற்றுக்கு 80களிலேயே டீசல் எஞ்சின் மாட்டி, பிறகு வேறு பெட்ரோல் பிளாக் தேடிப் போட்டு, ஆர்.சி.யில் எதையும் ஏற்றாமல் ஓட்டியிருப்பார்கள். உங்கள் அப்பா அப்படிச் செய்யவில்லை என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா? கடைசியாகப் பதிவைப் புதுப்பித்தபோது யாரும் குனிந்து நம்பரைப் பார்த்தார்களா? தெரியாமல் புகார் எழுதாதீர்கள்.

ஆக்சில் விஷயத்தில் நீங்கள் வலுவாக இருக்கிறீர்கள், வேடிக்கை என்னவென்றால் கடிதத்தில் அதற்கு இரண்டு வரிதான். ஆக்சிலுக்கு ஆர்.சி.யில் நம்பர் கிடையாது, அதனால் ஆர்.டி.ஓ. பிரச்சினையும் கிடையாது, அது சுத்தமான பணத் தகராறு. ஆக்சிலுக்குள் கிரவுன், பினியன் என்று இரண்டு பல்சக்கரங்கள் இருக்கும்; உங்கள் மாடலுக்கு அவற்றின் விகிதம் 5.38, அதாவது கிரவுனில் 43 பல், பினியனில் 8. வேறு ஜீப்பின் ஆக்சிலில் 39க்கு 8, அதாவது 4.88 இருக்கலாம். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் இருந்தால், ஃபோர் வீல் போட்டதும் முன் சக்கரம் ஒரு வேகத்துக்கும் பின் சக்கரம் ஒரு வேகத்துக்கும் இழுபட்டு, நீங்கள் சொன்ன மாதிரி இறுகித்தான் நிற்கும். வெளி ஆள் ஒருவரை, முடிந்தால் ஆட்டோமொபைல் பொறியாளரை, கூட்டிக்கொண்டு போய் பின் டிஃபரன்ஷியலின், அதாவது அந்தப் பல்சக்கரங்கள் இருக்கிற கூட்டின், மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணச் சொல்லி, போட்டோவோடு அறிக்கை வாங்குங்கள். வாய்ப்பேச்சில் என்ன பேசினீர்கள் என்பதை அவர் மறுக்கலாம். பல் எண்ணிக்கையை மறுக்க முடியாது.

பாக்கிக்காக வண்டியைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் 170வது பிரிவு. உழைப்பைப் போட்ட பொருளை, கூலி வரும்வரை அவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது பேசியபடி செய்த வேலையின் கூலிக்கு மட்டும். நாளுக்கு 200 என்பது பேசாதது, கொடுக்கத் தேவையில்லை. அதற்காகப் பூட்டை உடைத்து வண்டியை எடுத்து வருகிற வேலை வேண்டாம். உங்கள் மைத்துனர் அப்படி ஒரு யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அவரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

வழக்கென்று போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நீங்கள் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடக் கெடு. தை மாதத்திலிருந்து எண்ணுங்கள், அவர் அதற்கு முன்னாலிருந்தே எண்ணச் சொல்வார் என்பதால் கடைசி மாதம்வரை இழுக்க வேண்டாம். 10 லட்சத்தை மறந்துவிடுங்கள். மன உளைச்சலுக்குச் சில பத்தாயிரம் தந்தால் பெரிது.

வின்டேஜ் பதிவு பற்றி ஒரு வார்த்தை. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், அது உங்களுக்கு இருக்கிறது. ஆனால் 2021ல் வந்த விதிப்படி சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். நம்பர் மாறிய பிளாக்கோடு அந்த விண்ணப்பத்தைப் போட்டால், நீங்களே அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டுகிற மாதிரி. அதோடு, 20,000 ரூபாய் கட்டி 10 வருடத்துக்கு அந்தப் பதிவை வாங்கினாலும் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று தவிர தினசரி ஓட்ட முடியாது. நீங்கள் வண்டியில் தோப்புக்குப் போய்வர ஆசைப்படுகிறீர்கள். உங்களுக்கு எதற்கு அது?

ஆகவே, சமரசம் செய்யுங்கள். கௌரவத்தைப் பார்க்காமல் செய்யுங்கள். அவர் பாக்கி 1.25 லட்சத்தை விட்டுவிட வேண்டும், அவர் செலவிலேயே இரண்டு ஆக்சிலும் ஒரே விகிதத்துக்கு வர வேண்டும், உங்கள் பழைய பிளாக் வெடித்ததோ இல்லையோ அதைத் திருப்பித் தர வேண்டும், இந்தப் புதுப் பிளாக்கை வாங்கிய பில்லைத் தர வேண்டும். காயலாங்கடையில் சும்மா எடுத்தது, பில் இல்லை என்றால், எந்த வண்டியிலிருந்து வந்தது, அதன் பதிவு ரத்தானதா என்று எழுதி வாங்குங்கள்; அதுவும் முடியாதென்றால் அந்தப் பிளாக்கே வேண்டாம், வேறு போடச் சொல்லுங்கள். இதில் நான் கறார். மேற்கொண்டு ஐம்பதாயிரம் உங்கள் கையைவிட்டுப் போனாலும் பில் உள்ள பிளாக்தான் மலிவு. எல்லாவற்றையும் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். டெலிவரி எடுக்கும்போது "வேலை திருப்தி" என்று ஒரு சீட்டை நீட்டுவார், அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், படிவம் 31. மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டியது, தாமத அபராதத்தைக் கட்டிவிடுங்கள். பெயர் மாறாமல் புது எஞ்சின் நம்பரை ஏற்றச் சொல்லி மனுக் கொடுக்கவே முடியாது. நம்பர் ஏறும்வரை வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது, பட்டறையிலிருந்து வீட்டுக்கு வருவதுகூட லாரியில்தான். சிங்கப்பூர் சகோதரியின் சம்மதக் கடிதத்துக்கு இன்றே சொல்லி வையுங்கள், அங்கே தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப நாளாகும்.