எழுதியது ஏஜென்ட், கையெழுத்து மகளுடையது

கேள்வி: தாராவி 90 அடி சாலையில் இட்லி மாவு வியாபாரம் செய்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகள் பி.காம் முடித்துவிட்டு, இங்கிலாந்தில் (லண்டனுக்கு வெளியே) ஓராண்டு எம்.எஸ்சி படிக்க இடம் வாங்கியிருக்கிறாள். ஏஜென்ட் ஒருவர் 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். பாஸ்போர்ட்டும் அசல் மார்க் ஷீட்டும் அவரிடம்தான் இருக்கின்றன. என் கணக்கில் இருப்பு போதாதாம். 28 நாளைக்கு 22 லட்சம் போட்டு வைக்க ஆள் இருக்கிறது, ஒன்றரை சதவீதம் கொடுத்தால் போதும், ஆனால் கையெழுத்துப் போட்ட இரண்டு வெற்றுச் செக்கும் நெட் பேங்கிங் பாஸ்வேர்டும் வேண்டும் என்கிறார். "எல்லாரும் இப்படித்தான் போறாங்க" என்று வேறு சொல்கிறார். துபாயில் இருக்கும் என் மைத்துனர் 6 லட்சம் தருவதாகச் சொல்கிறார். விண்ணப்பம் இன்னும் போகவில்லை. ஏஜென்ட் சொல்கிறபடி செய்யலாமா? வேண்டாம் என்றால் கொடுத்த பணமும் சர்டிபிகேட்டும் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அண்ணாச்சி, உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி "விண்ணப்பம் இன்னும் போகவில்லை" என்பதுதான். போன பிறகு வந்திருந்தால் இந்தப் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அந்தச் செக்கைக் கொடுக்காதீர்கள். விசா பேச்சை ஓரமாக வையுங்கள், நம் ஊர்ச் சட்டப்படியே அது கழுத்துக்குக் கயிறு. கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கில் தொகையை எதிராளியே நிரப்பிக்கொண்டாலும், ஏதோ ஒரு கடனைத் தீர்க்கத்தான் கொடுத்தீர்கள் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். உச்ச நீதிமன்றம் 2019-இல் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும். செக் பவுன்ஸ் ஆனால் செலாவணி முறிச் சட்டம் 138-ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம். இட்லி மாவு விற்றுச் சேர்த்த காசை ஆள் தெரியாத ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டிவரும்.

இப்போது விசா. "பணம் நிஜமாகவே கணக்கில்தானே இருக்கிறது, இதில் பொய் எங்கே?" என்று ஏஜென்ட் கேட்பார். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் விண்ணப்பத்தில் உங்கள் மகள் உறுதி சொல்வது, இந்தப் பணம் என் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் இருக்கிறது என்று. 29-ஆம் நாள் காலையில் பணத்தைப் போட்ட ஆள் திரும்ப எடுத்துக்கொண்டு போகும் பணத்தைப் பற்றி அப்படிச் சொன்னால் அது பொய்தான். சில இடங்களில் அந்தப் பணம் கணக்குக்கே வருவதில்லை. பேங்க் லெட்டரை கம்ப்யூட்டரில் தயாரித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் பேங்கைக் கேட்டுச் சரிபார்க்கும்போது குட்டு உடையும். போலி ஆவணத்தை அசல் என்று பயன்படுத்துவது இங்கேயும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 340-ஆவது பிரிவில் குற்றம்.

விண்ணப்பத்தில் போலி ஆவணம் இருந்தால், மகளுக்குத் தெரியாமல் வைத்தது என்றாலும் விசாவை மறுக்கலாம். தெரிந்தே ஏமாற்றினாள் என்று முடிவு செய்தால் பத்து ஆண்டு இங்கிலாந்துக்குள் கால் வைக்க முடியாது. வேறு நாட்டுக்குப் போய்க்கொள்ளலாம் என்றும் எண்ணாதீர்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா விண்ணப்பங்களிலும் "இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா?" என்ற கேள்வி உண்டு, இந்த நாடுகள் தங்களுக்குள் தகவலும் பகிர்ந்துகொள்கின்றன. விசா மறுப்பும் தடையும் ஏஜென்டைத் தொடாது. அந்த விண்ணப்பம் அவர் பெயரில் போவதில்லை. விசா அதிகாரியின் கண்ணில் அவர் வெறும் தட்டச்சர். எழுதியது அவராக இருந்தாலும் சொன்னது உங்கள் மகள் என்றுதான் கணக்கு.

அதனால் நடைமுறையை உங்கள் வீட்டிலேயே ஒருவர் புரிந்துகொள்ள வேண்டும், மகளே புரிந்துகொண்டால் ரொம்ப நல்லது. அப்படியொன்றும் கஷ்டமில்லை. பல்கலைக்கழகம் இடத்தை உறுதி செய்து சி.ஏ.எஸ். என்ற எண் ஒன்று தரும். (பிள்ளைகள் அதைக் 'கேஸ்' என்கிறார்கள். "எனக்கு கேஸ் வந்துடுச்சு அங்கிள்" என்று ஒரு பையன் போனில் சந்தோஷமாகச் சொன்னபோது வக்கீலான நான் பதறிப்போனேன்.) அந்த எண் வந்த பிறகுதான் விசா விண்ணப்பம். படிப்பு தொடங்க ஆறு மாதம் இருக்கும்போதிருந்தே போடலாம். நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த கிளினிக்கில் காசநோய்ப் பரிசோதனை செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். விசா கட்டணத்தோடு சுகாதாரக் கட்டணமும் சேர்ந்து வரும், மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. விசா மறுக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்ப வரும், விசா கட்டணம் வராது.

சரி, எவ்வளவு காட்ட வேண்டும்? முதலாண்டு ஃபீஸில் கட்டாத பாக்கி, அதோடு ஒன்பது மாதச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, ஒன்பது மாதத்துக்கு 10,539. உங்களுக்கு ஃபீஸ் பாக்கி 7,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 17,539. பவுண்டு 120 ரூபாய் என்றால் 21 லட்சத்துச் சொச்சம். இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரே ஒரு நாள் நூறு ரூபாய் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அந்த 28-ஆம் நாளுக்கும் விண்ணப்பத்துக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. ரூபாய் மதிப்பை விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதப்படி பார்ப்பார்கள், அதனால் ஒன்றரை லட்சமாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைக் கணக்கில் இதை வைக்கவே வைக்காதீர்கள். உளுந்து மண்டிக்கு ஒரு செக் பாஸானால் போதும், எல்லாம் போச்சு.

இதில் மைத்துனர் பணம் சேருமா? அவர் கணக்கில் இருக்கும் வரை சேராது. மாணவரின் கணக்கு, பெற்றோரின் கணக்கு இவைதான் செல்லும், தாய்மாமன் கணக்கைக் காட்ட முடியாது. அவர் தன் அக்காள் தங்கையான உங்கள் மனைவியின் கணக்குக்கு பேங்க் வழியாக அனுப்பட்டும். உடன்பிறந்தவர் தரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. ஒரு அன்பளிப்புக் கடிதம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கணக்கில் வந்து சேர்ந்த நாளிலிருந்து 28 நாள். நோட்டாகக் கட்டிக் கொண்டுவந்து தர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரித் துறை அதே தொகையை அபராதமாகக் கேட்கும்.

மீதிக்கு நான் சொல்வது கல்விக் கடன். பேங்க் ஒழுங்காகக் கடன் கடிதம் கொடுத்தால் அந்தத் தொகைக்கு 28 நாள் விதியே கிடையாது. கடிதம் ஆறு மாதத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும், கடன் மகள் பெயரில் இருக்க வேண்டும், கல்விக் கடன் என்று சொல்லியிருக்க வேண்டும், அவள் கிளம்பும் முன் பணம் கிடைக்கும் என்றும் இருக்க வேண்டும். நீங்கள் உங்கள் பெயரில் பர்சனல் லோனோ நகைக் கடனோ வாங்கினால் அது இந்த வகையில் சேராது, கணக்கில் போட்டு 28 நாள் வைக்கத்தான் வேண்டும். அதிலும் தப்பில்லை, அது உங்கள் பணம், உங்கள் கடன்.

அரசு பேங்குகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் சொத்து ஈடு கேட்பார்கள். தாராவியில் போட்டோ பாஸ் (குடிசைவாசிகளுக்கு அரசு தரும் அட்டை) மட்டும் வைத்திருக்கும் வீட்டை ஈடாக எடுக்க மாட்டார்கள். ஆனால் ஊரில் உங்கள் பெயரில் பட்டாவோடு வீடு இருந்தால், வில்லங்கச் சான்றிதழும் தாய்ப் பத்திரமும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். பத்திரம் இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது என்றால் அண்ணன் தம்பிகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அந்தப் பஞ்சாயத்தை இப்போதே தொடங்குங்கள். தெருமுனைப் பத்பேடியில் (கூட்டுறவுக் கடன் சங்கத்தில்) இருக்கும் சேமிப்பை மட்டும் நம்பாதீர்கள். மின்னணுப் பதிவு வைக்காத, சரிபார்க்க முடியாத நிறுவனத்தின் கணக்கை பிரிட்டிஷ் விசா அதிகாரிகள் ஏற்பதில்லை.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. பெற்றோர் கணக்கைக் காட்டினால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வைக்க வேண்டும். நம் ஆட்கள் பாதிப் பேர் இடறுவது இங்கேதான். மும்பைப் பள்ளிக்கூடத்தில் 'சர்நேம் என்ன?' என்று கேட்டிருப்பார்கள், நாம் அப்பா பெயரைச் சொல்லியிருப்போம், சிலர் ஊர்ப் பெயரைச் சொல்லியிருப்பார்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் அப்பாவின் பெயர் பேங்கில் 'எஸ். முருகன்', ஆதாரில் 'முருகன் சுடலைமுத்து', பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வெறும் 'முருகேசன்'. மூவரும் ஒருவர்தான் என்று நமக்குத் தெரியும், விசா ஆபீஸில் மேசைமுன் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? சின்ன எழுத்துப் பிழை என்றால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 15-ஆவது பிரிவின்படி பதிவாளரிடம் திருத்த மனு கொடுக்கலாம். உங்கள் சொந்தப் பெயர்தான் மாறி மாறி இருக்கிறது என்றால், அஃபிடவிட்டோடு மகாராஷ்டிரா அரசிதழில் பெயர் வெளியிடுவது உறுதியான வழி.

ஏஜென்டிடம் இருப்பவற்றை வாங்குவதைப் பார்ப்போம். பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து, பாஸ்போர்ட் சட்டம் 17-ஆவது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. தன் ஃபீஸ் பாக்கி என்று சொல்லி அதை அடகுப் பொருள் மாதிரி வைத்துக்கொள்ள எந்த ஏஜென்டுக்கும் உரிமை இல்லை. முதலில் வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு செய்தி: என்னென்ன கொடுத்தீர்கள், என்றைக்குக் கொடுத்தீர்கள், ஏழு நாளில் திருப்பித் தரவும். கோபப்பட வேண்டாம், அந்தச் செய்திதான் நாளைக்குச் சாட்சி. தரவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் அசையவில்லை என்றால் போலீஸில் நம்பிக்கை மோசடிப் புகார், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316. பெரும்பாலும் நோட்டீஸ் போன மறுநாளே மார்க் ஷீட் வீட்டுக்கு வந்துவிடும்.

85,000 முழுவதும் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இடம் வாங்கித் தந்திருக்கிறார், அந்த வேலைக்கு ஒரு தொகை கழியும். (அதற்குப் பல்கலைக்கழகமும் அவருக்குக் கமிஷன் கொடுப்பது வழக்கம். அதைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.) செய்யாத விசா வேலைக்கான பணத்தைக் கேட்கலாம். ரசீதில் 'நான் ரீஃபண்டபிள்' என்று அச்சடித்திருப்பது முடிந்த பேச்சு அல்ல. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். சரிப்படவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஏஜென்டின் ஆபீஸ் எங்கே இருந்தாலும் சரி. 5 லட்சம் வரை கொடுத்த சேவைக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமலே நீங்களே போடலாம், என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன். ஆனால் ஒன்றரை சதவீதத்தை நீங்கள் ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். சட்டவிரோத ஏற்பாட்டுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தா என்று கேட்டால் எந்த மன்றமும் கை கொடுக்காது.

இன்றிரவே மகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விண்ணப்பத்துக்கு ஏஜென்ட் எந்த ஈமெயில் கொடுத்திருக்கிறார் என்று கேட்கச் சொல்லுங்கள். தன் ஆபீஸ் ஈமெயில் என்றால் உடனே மாற்ற வேண்டும். இங்கிலாந்து இப்போது பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டாமல் இ-விசா தருகிறது, அது ஒரு இணையக் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் சாவி ஏஜென்ட் கையில் இருந்தால் அங்கே வீடு வாடகைக்குப் பிடிக்கக்கூட இவரிடம் கெஞ்ச வேண்டிவரும். வீடியோவில் நேர்காணலுக்கும் கூப்பிடலாம். ஏன் இந்தப் படிப்பு, ஃபீஸ் எவ்வளவு, அப்பா எப்படிக் கட்டுகிறார் என்று கேட்பார்கள். "அப்பா இட்லி மாவு வியாபாரம், இவ்வளவு கடன் வாங்கியிருக்கிறோம்" என்று உள்ளதைச் சொல்ல அவளுக்கு எந்தத் தயக்கமும் வேண்டாம்.

நாளைக் காலை மாவு போட்டு முடித்ததும் நீங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயரில் பிழை இருந்தால், மகள் சயான் ஆஸ்பத்திரியில் பிறந்தவள் என்றால் மாட்டுங்காவில் எஃப் வடக்கு வார்டு ஆபீஸுக்குப் போக வேண்டும். குடியிருப்பு தாராவி என்று ஜி வடக்குக்குப் போய் வரிசையில் நிற்காதீர்கள், பிறப்பு நடந்த இடத்து வார்டில்தான் பதிவு இருக்கும்.