ரேகை வைத்து எடுத்த பணம்: நஷ்டம் யார் தலையில்?

கேள்வி: பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் வேலை எனக்கு. என் ஜீரோ பேலன்ஸ் கணக்கில் ஒரே மாலையில் இரண்டு தடவை பத்தாயிரம் போயிருக்கிறது. மெசேஜ் போகும் நம்பர் வீட்டுக்காரருடையது. அவர் கொச்சியில், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் போட்டில் இருந்தார், மெசேஜ் எதுவும் வரவில்லை என்கிறார். பத்து நாள் கழித்து பாஸ்புக் பதிந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. மறுநாளே பேங்கில் சொன்னேன். "உங்க ரேகை வச்சுத்தான் எடுத்திருக்கு, புகார் சொல்ற கெடுவும் முடிஞ்சுபோச்சு" என்கிறார்கள். நஷ்டம் என்னோடதா?

பதில்: நீங்கள் சொல்வது அப்படியே நடந்திருந்தால், உங்களுடையது இல்லை அம்மா. கவுன்டரில் வாய்வார்த்தையாகச் சொன்னதைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் மின்னணு வழியில் போன பணத்துக்கு யார் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் விதி போட்டிருக்கிறது. தப்பு உங்கள் பக்கம் என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும். ரேகை பதிவாகியிருக்கிறது என்பது மட்டும் நிரூபணம் ஆகாது. எந்த மெஷினில், எந்த ஊரில், எந்த ஏஜென்ட் (வங்கிக்காக ரேகை மெஷின் வைத்துப் பணம் கொடுப்பவர்) கையில் என்று அவர்கள் சொல்லட்டும்.

ஆதார் ரேகை வைத்து எடுப்பதில் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. இரண்டு தடவை சரியாகப் பத்தாயிரம் போயிருப்பதைப் பார்த்தால், அந்த வரம்பு தெரிந்தவர் செய்த வேலை போலிருக்கிறது. அன்றைக்கு எங்காவது ரேகை வைத்தீர்களா என்று யோசியுங்கள். கடையில் மெஷின் வைத்திருப்பவர், "ரேகை விழலம்மா, கையத் தொடச்சிட்டு இன்னொருக்கா வைங்க" என்பார். உப்புத் தண்ணியில் ஊறி, பாறையில் தேய்ந்த விரல் நிஜமாகவே விழாமலும் போகும். ஏமாற்றுகிறவருக்கு அதுதான் வசதி. முதல் தடவையே விழுந்திருக்கும். உங்கள் கைக்கு ஒரு தொகை, கணக்கில் போவது இரண்டு. பேலன்ஸ் பார்க்கப் போனவரிடமும், நிவாரணத்துக்குப் பெயர் பதிகிறேன் என்று சொல்லியும் ரேகை வாங்கிவிடுகிறார்கள். விழவில்லை என்றால் அதற்கும் துண்டுச்சீட்டு கேளுங்கள். சீட்டு கைக்கு வராமல் அடுத்த தடவை விரல் வைக்காதீர்கள், அவர் எத்தனை வருஷப் பழக்கமாக இருந்தாலும்.

ஏஜென்ட் வங்கியின் ஆள். அவர் செய்ததற்கு, செய்யாமல் விட்டதற்கு, வங்கியே பொறுப்பு. உங்கள் வங்கியின் ஏஜென்ட் என்றால் நீங்கள் என்றைக்குப் புகார் சொன்னீர்கள் என்ற பேச்சே எழக்கூடாது. முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். வேறு வங்கியின் ஏஜென்ட் என்றால்தான் நாள் கணக்கு.

அந்த நாள் கணக்கில்தான் உங்களை மடக்கப் பார்க்கிறார்கள். தகவல் கிடைத்து 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 என்றால், ஜீரோ பேலன்ஸ் கணக்குக்கு ஒவ்வொரு தடவைக்கும் அதிகபட்சம் 5,000 ரூபாய் உங்கள் பங்கு. அதையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஆனால் கெடு ஓடத் தொடங்குவது பணம் போன நாளில் இருந்து அல்ல, வங்கியின் தகவல் உங்களுக்குக் கிடைத்ததில் இருந்து. கிடைத்த நாளைச் சேர்க்கக் கூடாது. ஞாயிறு, இரண்டாம் நான்காம் சனி, கிளைக்கு விடுமுறையான எந்த நாளும் சேராது. மெசேஜ் எப்போது போய்ச் சேர்ந்தது என்று வங்கி பதிந்து வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. அந்தப் பதிவைக் கேளுங்கள். நடுக்கடலில் சிக்னல் இல்லாத போனுக்கு மெசேஜ் போய்ச் சேரவில்லை என்று அதில் இருந்தால், பாஸ்புக் பதிந்த அன்றுதான் எனக்குத் தகவல் கிடைத்தது, மறுநாளே சொன்னேன், மூன்று நாளுக்குள்தான் வந்திருக்கிறேன் என்று எழுதுங்கள். கடலோரக் கிளைகளுக்குத் தெரியாத விஷயமா இது? பாதிப் பேரின் நம்பர் கடலில் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு கெடு முடிந்தது என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

எழுத்தில் இரண்டு நகல் கொடுத்து ஒன்றில் சீல் வாங்குங்கள். அதில் கேட்க வேண்டியவை: இரண்டு தடவைக்குமான 12 இலக்கப் பரிவர்த்தனை எண், மெஷின் எண், ஏஜென்ட் எண், இடம், மெசேஜ் சேர்ந்த பதிவு. புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். இன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் அழைத்துப் புகார் எண் வாங்கி அதே மனுவில் சேருங்கள். வங்கி மறுத்தாலோ, 30 நாள் பதில் இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், விவரத்துக்கு 14448. இதற்கெல்லாம் ஒரு பைசா கட்டணம் இல்லை. "மீட்டுத் தர்றேன், இருபது பெர்சன்ட் குடுங்க" என்று வருகிறவர் இரண்டாவது திருடர்.

ஓடிபி, பின் நம்பரை நீங்களே சொல்லியிருந்தால் கதை வேறு. வங்கியிடம் புகார் சொல்லும் வரை போனது உங்களுடையது, அதன்பின் போவது வங்கியுடையது. பிரிட்டனில் ஏமாந்து தானே அனுப்பிய பணத்தைக்கூட 2024 அக்டோபர் 7 முதல் அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் பாதிப்பாதி ஏற்றுத் திருப்பித் தருகின்றன. இங்கே திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கியை யாரும் கேட்பதே இல்லை.

இனி செய்ய வேண்டியது இரண்டு. ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கை (ரேகை, கண் பதிவுகளை) லாக் செய்து, பணம் எடுக்கும்போது மட்டும் திறங்கள். கணக்கில் உங்கள் கையிலேயே இருக்கும் நம்பரைக் கொடுங்கள். அதற்கான படிவத்தைப் புகார் மனு கொடுக்கும் அன்றே கேட்டு வாங்குங்கள்.