ஸ்டார்ட் ஆகிறது, உடனே நிற்கிறது: பெற்றோல் பம்பை மாற்றலாமா?

கேள்வி: லபுக்கலைப் பக்கம் இருக்கிறோம். சில மாதங்களுக்கு முன் கொழும்பில் ஒரு பழைய பெற்றோல் கார் வாங்கினேன். சின்ன எஞ்சின், ஈ.எஃப்.ஐ. (எஞ்சின் கம்ப்யூட்டரே பெற்றோலை அளந்து ஊற்றும் வகை), மெனுவல் கியர். அங்கே ஒரு குறையும் தெரியவில்லை. இங்கே வந்த பிறகு காலையில் ஸ்டார்ட் ஆகிறது, சில நொடிகளில் நின்றுவிடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தால் நிற்காது. நுவரெலியாவுக்கு நன்றாகவே ஏறுகிறது. ஆனால் றம்பொடைப் பக்கம் இறங்கும்போது, வளைவில் கிளட்சை மிதித்தால் சில வேளை ஓஃப் ஆகிறது. பிளக் மாற்றியாயிற்று. இப்போது பெற்றோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? அதுவரை இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரைத் தட்டிக்கொண்டே வருகிறேன், பரவாயில்லையா?

பதில்: பம்ப் இப்போதைக்கு வேண்டாம். நியூட்ரல் எப்போதுமே வேண்டாம்.

பம்ப் பலவீனமானால் அது முதலில் காட்டிக்கொடுப்பது ஏற்றத்தில். எஞ்சின் அதிகம் பெற்றோல் கேட்பது அங்கேதான். மிதிக்க மிதிக்க இழுவை குறையும், வண்டி வெட்டி வெட்டி ஓடும். உங்கள் கார் ஏற்றத்தில் சிரமப்படவில்லை, கால் எடுத்தால்தான் சாகிறது. மிதித்தால் பிழைக்கிறது என்றால், மிதிக்கும்போது எது கூடுகிறது என்று பாருங்கள். ஆக்சிலரேட்டர் திறந்துவிடுவது காற்றை. பெற்றோலை அதற்கேற்ப அளந்து ஊற்றுவது கம்ப்யூட்டர். ஆக, ஐடிலில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும்போது, உங்கள் எஞ்சினுக்குக் காற்று போதவில்லை என்பதே என் முதல் சந்தேகம்.

காலை நேரத்து நிற்றலும் வளைவில் நிற்றலும் ஒரே நோய்தான். கியரில் இறங்கும்போது கம்ப்யூட்டர் பெற்றோலை நிறுத்திவிடும். எஞ்சினைச் சுற்ற வைப்பது சக்கரங்கள். கிளட்சை மிதித்த கணத்தில் எஞ்சின் தன் காலில் நிற்க வேண்டும். அந்த நேரம் த்ரொட்டில், அதாவது ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்றுக் கதவு, மூடியிருக்கும். ஓரத்து மெல்லிய இடைவெளியும் ஐடில் வால்வும் விடுகிற காற்றுதான் கதி. அந்த வழியில் கரி படிந்திருந்தால் ஆர்பிஎம் முள் 800ஐத் தாண்டிக் கீழே விழுந்து எஞ்சின் நின்றுவிடும்.

அப்படியானால் கொழும்பில் ஏன் தெரியவில்லை? நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தோடு பார்த்தால் காற்றழுத்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே இடைவெளி வழியே இங்கே நுழையும் காற்றும் அந்த அளவுக்குக் குறையும். பாதி அடைத்த வழி கீழே எப்படியோ சமாளித்திருக்கும், மேலே அது போதாது. போதாக்குறைக்கு நம் விடியற்காலைக் குளிர். குளிர்ந்த எஞ்சினுக்கு ஐடில் 1,200, 1,500 வரை ஏற வேண்டும். அதற்கு இன்னும் காற்று வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். எஞ்சினை ஓஃப் பண்ணி, திறப்பை வெளியே எடுத்துவிட்டு, எயார் பில்டரிலிருந்து த்ரொட்டிலுக்குப் போகும் றப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றுங்கள். உள்ளே காசு போல ஒரு வட்டத் தகடு தெரியும். கேபிள் வகை என்றால் கையால் அதைத் திறந்து, விளிம்பையும் அது உட்காரும் சுவரையும் விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. த்ரொட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். பெற்றோலில் நனைத்த துணி வேண்டாம், தீ விளையாட்டு அது. தகடு மோட்டாரால் திறக்கும் வகை என்றால் விரலால் நெம்பாதீர்கள். கராஜில் கொடுத்துத் துடைத்து, ஸ்கேனரில் (காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) ஐடிலை மறுபடி பழக்கச் சொல்லுங்கள். ஐடில் வால்வு தனியாக இருந்தால் அதையும் கழற்றி அதன் துவாரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். தகட்டை மட்டும் பளபளவென்று துடைத்துவிட்டு வால்வை மறப்பது கராஜ்களில் சாதாரணமாக நடக்கிற விஷயம். மெக்கானிக் பாஸ் பக்கத்தில் நின்று கேட்டுச் செய்வியுங்கள்.

அதன் பிறகும் காலையில் மட்டும் நின்றால், எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சரைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற கார், ஸ்டார்ட் பண்ணும் முன் ஸ்கேனரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர வைக்கும் நீர்) சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்க வேண்டும். வெளியே 12 டிகிரி குளிர், கூலன்ட் 60 என்று காட்டினால் சென்சர் பொய் சொல்கிறது. எஞ்சின் சூடாக இருப்பதாக நம்பி, கம்ப்யூட்டர் ஐடிலை ஏற்றாது. பம்ப் விலையோடு பார்த்தால் இது சின்னச் செலவு. எஞ்சினின் உறிஞ்சலைக் கடத்தும் வேக்கும் குழாய் வெடித்திருப்பதும் ஒரு காரணமாகலாம். ஆனால் அது பெரும்பாலும் ஐடிலை ஏற்றும், அல்லது மேலும் கீழும் ஆட்டும். பிரேக்கை மிதிக்கும்போது ஐடில் மாறினால் மட்டும், பிரேக் மிதியை இலேசாக்கும் பூஸ்டருக்குப் போகும் குழாயைச் சந்தேகியுங்கள்.

இதே போல நின்றாலும் வேறு காரணம் உள்ள கார்களும் உண்டு. என்ன மிதித்தாலும் இரண்டு நொடியில் நின்று, டாஷ்போர்ட்டில் திறப்பு விளக்கு மினுங்கினால் இமொபிலைசர், அதாவது திறப்பை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பு. மற்றத் திறப்பைப் போட்டுப் பாருங்கள். திறப்பை விட்ட நொடியே நின்றால் இக்னிஷன் சுவிட்ச். நன்றாகச் சூடேறிய பின் நின்று, அரை மணி ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால் எஞ்சின் சுழற்சியைச் சொல்லும் கிராங்க் சென்சர் அல்லது பிளக்குக்கு மின்சாரம் தரும் கொயில். பெற்றோல் குறைவாக இருக்கும்போது ஏற்றத்தில் மட்டும் நின்றால், டாங்கியில் பெற்றோல் பின்னால் ஒதுங்கி பம்புக்கு எட்டவில்லை. கால் டாங்கிக்குக் கீழே இறக்காதீர்கள். மூடுபனியிலும் மழையிலும் மட்டும் வரும் தொல்லை என்றால், இருட்டில் பொனட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, கையை வைக்காமல் தள்ளி நின்று பாருங்கள். பிளக் வயரில் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கார்பரேட்டர் வண்டிக்காரர்களின் கதை தலைகீழ். கொழும்பில் டியூன் பண்ணியது இங்கே காற்றுக் குறைந்து பெற்றோல் மிஞ்சும், பிளக் கரி பிடிக்கும். இங்கே ஒரு கராஜில் மறுபடி செட் பண்ணத்தான் வேண்டும்.

இனி நியூட்ரல். எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வேக்கும் ஓரிரு மிதிக்குத்தான் போதும். பிறகு மிதி கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். றம்பொடை வளைவுகளில் அந்த நிலைக்குப் போகக்கூடாது. பெற்றோல் மிச்சம் என்று சிலர் சொல்வதும் ஈ.எஃப்.ஐ. வண்டிக்குப் பொருந்தாது. கியரில் இறங்கினால் பெற்றோல் அநேகமாக நின்றேவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எரியும். ஏறும்போது எந்த கியரோ, அதிலேயே இறங்குங்கள். வளைவுக்கு முன்பே பிரேக்கில் வேகத்தைக் குறைத்து, கிளட்சை ஒரு கணம் மட்டும் மிதித்து இரண்டாவதுக்கு மாற்றுங்கள். அப்படியும் நின்றுவிட்டால் திறப்பைப் பூட்டுப் பக்கம் திருப்பாதீர்கள், ஸ்டியரிங் இறுகிவிடும். கியரிலேயே கிளட்சை மெல்ல விடுங்கள், சக்கரமே எஞ்சினைப் பற்றவைக்கும். பற்றாவிட்டால் பிரேக்கைப் பம்ப் பண்ணாமல் ஒரே அழுத்தாக மிதித்து, ஹாண்ட்பிரேக்கையும் சேர்த்து இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்துங்கள்.