கட்டாரில் சேர்த்த காசில் ஓடுகிற கடை ஒன்றை வாங்கலாமா?

கேள்வி: 11 வருடம் கட்டாரில் இருந்துவிட்டு உப்புவெளிக்குத் திரும்பிவிட்டேன். வயது 43. நிலையான வைப்பில் 70 இலட்சம் ரூபாய் கிடக்கிறது. புதிதாகக் கடை போட்டு வாடிக்கை பிடிப்பதைவிட, ஓடிக்கொண்டிருப்பதை வாங்கலாம் என்று யோசிக்கிறேன். நொடித்துப்போனதோ, பிள்ளைகள் பார்க்காமல் விட்ட குடும்ப வியாபாரமோ மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். திருகோணமலையில் எங்கே தேடுவது? மச்சான், நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதி விலைக்கு வருகிறது என்கிறார். ஓகஸ்டில் போய்ப் பார்த்தேன், அறை எல்லாம் நிறைந்திருந்தது.

பதில்: தம்பி, நொடித்த கடையும் பிள்ளைகள் விட்ட கடையும் ஒன்றல்ல. நொடித்த கடையை நிமிர்த்த அந்தத் தொழிலிலேயே ஊறிய ஆள் வேண்டும். நீங்கள் தேட வேண்டியது மற்றதை: முதலாளி களைத்திருப்பார், கல்லாப்பெட்டி களைத்திருக்காது. அறுபத்தைந்து வயது, பிள்ளைகள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ, காலையில் கடை திறக்க முழங்கால் விடுகிறதில்லை. மத்திய வீதியிலும் துறைமுக வீதியிலும் நடந்தால் அப்படி நாலைந்து பேரைப் பார்ப்பீர்கள்.

ஆனால் அவர்கள் ‘விற்பனைக்கு’ என்று பலகை மாட்டமாட்டார்கள். எங்கள் ஊரில் கடையை விற்பது என்றால் ‘முறிஞ்சுபோனார்’ என்ற கதைதான் முதலில் பரவும். அடுத்த நாளே சரக்குக்காரர் கடன் நிறுத்துவார், வேலையாள் வேறிடம் பார்ப்பார். ஆகையால் காதோடு காதாகத்தான் தெரியவரும். யாருக்கு முதலில் தெரியும்? வரிக் கணக்கு எழுதுகிற கணக்காளருக்கு, நொத்தாரிசுக்கு, பிறகு கொம்பனிச் சரக்கோடு வாராவாரம் வருகிற விற்பனைப் பிரதிநிதிக்கு. இந்த மூன்றாவது ஆளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்தக் கடையில் ஓடர் குறைகிறது, எங்கே காசோலை திரும்புகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வங்கி ஏல அறிவித்தல்களையும் பத்திரிகையில் பாருங்கள், ஆனால் ஏலத்தில் கிடைப்பது கட்டடம்; வாடிக்கை அதற்கு முன்பே போயிருக்கும்.

முதலாளியிடம் நேரே போனால் ‘விற்கிறீர்களா’ என்று கேட்காதீர்கள். ‘இனி இதை ஆர் ஐயா பாக்கப்போறது?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மீதியை அவரே சொல்லுவார்.

சரி, ஒரு பேக்கரி அகப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 600 பாண் போடுகிறோம், மாதம் இரண்டு இலட்சம் மிச்சம், விலை 60 இலட்சம் என்கிறார். கணக்குக் கொப்பியை மூடிவிட்டு மா பில்லைக் கேளுங்கள். 450 கிராம் பாண் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம் மா போகும். 600 பாணுக்கு 180 கிலோ, அதாவது 50 கிலோ மூடை நாலுக்குக் கொஞ்சம் குறைவு, பணிசுக்கு வேறு. மா சீனக்குடாவில்தான் அரைபடுகிறது, ஆனாலும் பில் இல்லாமல் யாரும் தரமாட்டார்கள். பில்லில் நாளுக்கு இரண்டு மூடைதான் என்றால் மிச்சப் பாண் வாயால் சுட்டது.

அப்புறம் அந்த இரண்டு இலட்சத்தைப் பிரியுங்கள். விடிய மூன்று மணிக்குப் போறணையடியில் முதலாளி, கல்லாவில் மனைவி, பாண் ஓட்டோவில் மகன். மூவருக்கும் சம்பளம் இல்லை. நீங்கள் வாங்கினால் கல்லாவுக்கு ஒருவர் 45,000, ஓட்டோவுக்கு ஒருவர் 45,000, உங்கள் உழைப்புக்கு 80,000 என்று போடுங்கள். மிஞ்சுவது 30,000. வருடத்துக்கு 3.6 இலட்சம், போட்ட காசுக்கு நூற்றுக்கு ஆறு. அதற்கு அந்தக் காசு வைப்பிலேயே தூங்கலாம். குடும்ப வியாபாரத்தில் இலாபம் என்று காட்டுவதில் பெரும்பங்கு வீட்டாரின் கூலி. விலை பேச அதுவே நல்ல பிடி. இன்னொன்று, போறணை பாஸ், அதாவது பாண் சுடுகிற கைதேர்ந்த வேலையாள், நிற்பாரா என்று தனியாகக் கேளுங்கள். அவர் போனால் நீங்கள் வாங்கியது செங்கல்.

கடன் விஷயம். வியாபாரப் பெயர் மட்டும் பதிந்த தனிநபர் கடை என்றால், தளபாடம், சரக்கு, பெயர் என்று எழுதி வாங்குங்கள். பழைய கடன் அவருடையது என்பதையும் உறுதியில் போடுங்கள். லிமிட்டெட் கொம்பனியின் பங்கை வாங்கினால் கடனும் வழக்கும் கூடவே வரும். வேலையாட்களின் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) முதலாளி பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 வீதம். கட்டாமல் விட்ட மாதங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். 15 பேருக்குக் குறையாத இடமென்றால், ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் என்று பணிக்கொடையும் நிற்கும். பின்திகதி போட்ட காசோலைகளையும் எண்ணுங்கள்.

எழுபதையும் இறக்காதீர்கள். விலைக்கு 45க்கு மேல் போகவேண்டாம், 12 கைச்சரக்குக்கு, மிச்சத்தைத் தொடவே வேண்டாம். விலையிலும் மூன்றில் ஒரு பங்கை ஒரு வருடத்தில் தருவதாக எழுதுங்கள். முதல் மூன்று மாதம் பழைய முதலாளி கடையில் இருக்கட்டும், சரக்குக்காரருக்கு உங்களை அறிமுகப்படுத்தட்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் முழுக்காசையும் ஒரே நாளில் எண்ணிக் கொடுத்தார். பழைய முதலாளி ஆறு மாதத்தில் எதிர்ப்பக்கமே கடை திறந்தார். திறக்கக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

மச்சானின் விடுதிக்கு வருவோம். ஓகஸ்டில் நிலாவெளியில் எந்த அறை காலியாக இருக்கும்? சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான். நவம்பர், டிசம்பர், ஜனவரி மின்பில் மூன்றையும் வாங்கிப் பாருங்கள், வாடைமழையில் எத்தனை அறையில் விளக்கு எரிந்தது என்று தெரியும். நிலம் சொந்த உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்றும் கேளுங்கள். பெர்மிட் என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. முற்பணம் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். இரண்டுக்கும் பதில் வந்த பிறகு, பில்களின் பிரதியோடு மறுபடி எழுதுங்கள்.